ராசியான கையில் ஒரு சாவி

அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல் ரயிலடியில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். என் கார், என் கார் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் அது பைனான்ஸ்காரர் மாதத் தவணைக்கு எடுத்துக் கொடுத்த பழைய வண்டி. அதை விட்டால் எங்கள் வீட்டில் அடுப்பெரிய வேறு வழி இல்லை.

கோயில் வாசலில் பூஜை போட்ட அன்று, இரண்டு சாவிகளையும் எலுமிச்சம்பழத்தோடு தட்டில் வைத்து அவரிடம் நீட்டினேன். பணம் கொடுத்தவர் கையால் சாவி வாங்கினால் தொழில் விளங்கும் என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. அவர் ஒன்றைத்தான் திருப்பித் தந்தார்.

"இன்னொண்ணு என்கிட்டயே இருக்கட்டும்ப்பா. நம்ம கை ராசியான கை."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பூரிப்பிலேயே அவர் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். எதுவும் எழுதாத தாளும் அதில் இருந்தது. நல்ல நாளும் அதுவுமாகப் படித்துப் பார்த்தால் அவரைச் சந்தேகப்பட்டதாகிவிடும் என்று நினைத்தேன். என்னைப் போன்ற மடையனைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்திருப்பார்.

இரண்டு வருடம் ஒழுங்காகக் கட்டினேன். பிறகு எஞ்சின் வேலை வைத்ததில் இரண்டு தவணை தவறியது. அவருடைய ஆட்கள் இருவர் வரத் தொடங்கினார்கள். அவர்கள் சத்தம் போடவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒருவன் முன் சீட்டில் வந்து உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து அந்த இரண்டாவது சாவியை எடுத்துக் காது குடைவான். சவாரிக்கு வந்தவர்கள் வேறு வண்டி பார்த்துப் போய்விடுவார்கள்.

ஒரு நாள் அவனே தெருக்குழாயடியில் என் மனைவியிடம், "பாப்பா எந்தப் பள்ளிக்கூடத்துலக்கா படிக்குது?" என்று கேட்டிருக்கிறான். அவள் குடத்தை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டாள்.

கோர்ட்டுக்குச் சவாரி வரும் வக்கீல் ஒருவர் என்னைப் பிடித்துத் திட்டினார். "கட்டுனதுக்கு ரசீது கேளும். கையெழுத்துப் போட்ட தாளுக்கு நகல் கேளும். நோட்டீஸ் தராம வண்டியில கை வச்சா எங்கிட்ட வாரும். இதெல்லாம் கேக்க உமக்கு உரிமை இருக்குய்யா."

கேட்கத்தான் போனேன். பைனான்ஸ்காரர் காபி வரவழைத்துக் கொடுத்தார். அதைக் குடித்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பி வந்தேன். அந்தக் காபியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

பள்ளி விடுமுறையில் ஒரு நாள், பக்கத்து ஊரான அகரத்துக்குப் போன சவாரியில் மகளையும் கூட்டிப்போனேன். சவாரி வந்தவர்கள் அங்கே ஒரு வீட்டுக்குள் போனார்கள். பின் சீட்டில் மகள் தூங்கிவிட்டாள். எழுந்ததும் பசிக்குமே என்று எதிர்க்கடையில் முறுக்கு வாங்கிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் என் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

கத்திக்கொண்டே ஓடினேன். புழுதிதான் மிச்சம். கடைக்காரரின் சைக்கிளை வாங்கி, திண்டுக்கல் வரை மிதித்தேன். வழியெல்லாம் என்ன வேண்டிக்கொண்டேன் என்று நினைவில்லை.

பைனான்ஸ்காரரின் வாசலில் கார் நின்றது. உள்ளே பெஞ்சில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் பிஸ்கட். இன்னொரு கையை அந்தக் காது குடைகிறவன் பிடித்திருந்தான்.

"புள்ள பின்னால தூங்குனது பயலுகளுக்குத் தெரியலப்பா. நானே பதறிட்டேன்," என்றார் பைனான்ஸ்காரர். பிறகு ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். "ஒரு கையெழுத்தப் போட்டுட்டு பாப்பாவக் கூட்டிட்டுப் போ."

இந்தத் தடவை படித்தேன். தவணை கட்ட முடியாததால் வண்டியை என் முழுச் சம்மதத்தோடு நானே கொண்டுவந்து ஒப்படைத்ததாக எழுதியிருந்தது. வக்கீல் சொன்னது அத்தனையும் ஞாபகம் வந்தது. மகள் என்னைப் பார்த்து, "வீட்டுக்குப் போவமாப்பா?" என்றாள்.

அத்தனையும் பொய் என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டேன். மை காயும் வரை பார்த்திருந்துவிட்டுத்தான் அவன் அவள் கையை விட்டான்.