ஆள் நிலைக்காத ஆற்றில் ஓர் ஊற்று

இந்த ஊரில் ஆற்றுக்குப் பலகை வைத்திருக்கிறார்கள். சொன்னால் நம்பமாட்டீர்கள். மலாயாவில், பேராக் ஆற்றங்கரையில், எங்கள் அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு படித்துறை. அங்கே நட்ட கம்பத்தில், தண்ணீர் ஆழம் என்று இங்கிலீஷில் ஒரு வரி, மலாயில் ஒரு வரி. தமிழுக்கென்று விட்ட மூன்றாவது வரி மட்டும் வெறுமையாகக் கிடந்தது. மதுரைச் சிம்மக்கல்லில் பிறந்தவனுக்கு இது வேடிக்கைதான். வைகைக்குப் பலகை வைப்பதும் வீட்டு முற்றத்துக்குப் பலகை வைப்பதும் ஒன்று. அலுவலகத்தில் தமிழ் தெரிந்த குமாஸ்தா நான் ஒருவனே என்பதால், அந்த வரியை எழுதித்தரும் வேலையைத் துரை என் தலையில் கட்டிவிட்டார்.

ஒரு சொல்தானே என்று அகராதியைத் திறந்தேன். அப்பப்பா, ‘டெப்த்’ என்ற அந்த ஒற்றைச் சொல்லை வெள்ளைக்காரர்கள் படுத்துகிற பாடு! கிணற்றுக்கும் அதுதான், அலமாரிக்கும் அதுதான். நிறத்துக்கும் ராத்திரிக்கும் துக்கத்துக்கும் படிப்புக்கும் அதுவேதான். நம்மவர்கள் அப்படியா? மதுரை ஜவுளிக்கடையில் சேலையை விரித்தால் ‘அழுத்தமான சிவப்பு’ என்பார்கள். ராத்திரி என்றால் நடுச்சாமம். நிறையப் படித்தவனைக் ‘கரைகண்டவன்’ என்போம். அவர்களுடைய படிப்பாளி ஆழத்துக்குப் போகிறான். நம்முடையவன் பத்திரமாகக் கரைக்கு வந்துவிடுகிறான்! தண்ணீரையோ உடம்பால்தான் அளப்போம்: கணுக்கால் தண்ணீர், முழங்கால் தண்ணீர், இடுப்பளவு, கழுத்தளவு. ஆழமான இடத்துக்கு என்ன சொல் என்று கடைத்தெருவில் விசாரித்தேன். தஞ்சாவூர்க்காரர் ‘மடு’ என்று எழுதச் சொன்னார். திருநெல்வேலிக்காரர் ‘கசம்’ என்றார். இரண்டையும் கேட்டுக்கொண்டு ஒன்றையும் எழுதாமல் வந்தேன். உண்மையில் அப்போது என் மனம் பலகையில் இல்லை.

என் மனைவி மரகதம் தை மாதம் கப்பலேறி வந்திருந்தாள். வந்த அன்றே ஒரு நிபந்தனை போட்டாள். “சித்திரை வரைக்கும் பாப்பேன். மனசு ஒட்டலைன்னா, இங்க இருக்குற எங்க அண்ணன் நம்ம ஊருக்குப் போறப்ப நானும் போயிருவேன்.” வீடு அவளுக்குப் பிடித்திருந்தது, மழை பிடித்திருந்தது, முள்நாறி என்று எல்லோரும் மூக்கைப் பிடிக்கும் டுரியான் பழம்கூடப் பிடித்திருந்தது. தண்ணீர்தான் பிடிக்கவில்லை. குழாய்த் தண்ணீர் துரு வாடை, ஆற்றுத் தண்ணீர் கடுங்காப்பி நிறம். ஒவ்வொரு வாய்க்கும் முகத்தைச் சுளித்தாள். அவள் போய்விடுவாளோ என்று எனக்கு உள்ளூரப் பயம். சமைக்கத் தெரியாததால் வந்த பயம் என்று அவளிடம் சொல்லிக்கொண்டேன். பொய். அவள் இல்லாத அந்த வீட்டில் இனி என்னால் இருக்க முடியாது.

தண்ணீருக்கு அவள் சுளிப்பதற்குக் காரணம் உண்டு. வைகையில் நாங்கள் நீந்தியதைவிட நடந்ததுதான் அதிகம். அக்கரையில் செல்லூரில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் பலகாரத் தூக்குடன் ஆற்றில் இறங்கி நடந்தே போவோம். கரண்டைக்கால் நனைந்தால் அது நல்ல வருஷம். குடிக்கிற தண்ணீரை ஓடுகிற தண்ணீரிலிருந்து யாரும் மொள்ளமாட்டார்கள். மணலைக் கையால் தோண்டி ஊற்றுப் பறிக்க வேண்டும். முழங்கை மறையும்போது கலங்கலாக ஊறும். அதை இறைத்துவிட்டுக் காத்திருந்தால் கண்ணாடியாகத் தெளியும். பிறகு சிரட்டையால் மெல்ல அள்ளிக் குடத்தில் ஊற்றுவார்கள். மரகதம் ஊற்றுப் பறித்தால் அக்கம்பக்கத்துக் குடங்களும் வந்துவிடுமாம். இதை அவளே சொன்னாள், பெருமையாக.

சித்திரா பௌர்ணமி வந்தது. அழகர்கோவிலிலிருந்து வந்த அழகர் வைகையில் இறங்கும் நாள். அன்று மதுரைக்காரர்களுக்கு ஆற்றில் கால் வைக்காவிட்டால் சோறு இறங்காது. விடிந்ததும் சொம்பை எடுத்துக்கொண்டு இருவரும் படித்துறைக்கு வந்தோம். படகுக்காரர் பாக் மாட்டிடம் நான் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள், மரகதம் சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு செல்லூருக்குப் போகிறவள்போல விறுவிறுவென்று ஆற்றில் இறங்கிவிட்டாள். ஓரடி, முழங்கால். அடுத்த அடி, மார்பளவு. அதற்கடுத்த அடியில் காலுக்குத் தரையே எட்டவில்லை. “டாலாம்! டாலாம்!” என்று கத்தியபடி பாக் மாட் படகுக் கழியை அவளுக்குக் குறுக்கே நீட்டினார். ஆழம் என்பதற்கு மலாய்ச் சொல் அதுதான். கழியைக் கட்டிப்பிடித்துக் கரையேறியவள், சொட்டச் சொட்ட நின்று என்னை முறைத்தாள்.

“என்னங்க ஆறு இது? வாசல்லயே ஆள் நிலைக்கல! எங்க அண்ணன்ட்டச் சொல்லி எனக்கும் டிக்கெட் எடுங்க.”

பாக் மாட் என்ன விஷயம் என்று கேட்டார். எங்கள் ஊரில் இன்று சாமி ஆற்றில் இறங்குகிறார், நாங்களும் ஆற்றில் நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் சொன்னேன். உங்கள் சாமிக்கு நீந்தத் தெரியுமா என்று அவர் கவலையோடு கேட்டார். குதிரையில் வருவார் என்றேன். அப்படியானால் பரவாயில்லை, குதிரை நீந்தும் என்று நிம்மதியடைந்தார். அதை மொழிபெயர்த்ததும், முறைத்துக்கொண்டிருந்த மரகதம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டாள்.

அவர் எங்களைப் படகில் ஏற்றிக்கொண்டு, கழியால் குத்திக் குத்திப் பார்த்தபடி நடு ஆற்றுக்குப் போனார். அங்கே ஒரு மணல்திட்டு, ஓரத்தில் கணுக்கால் தண்ணீர். இறங்கி நின்று கும்பிட்டோம். கும்பிட்ட கையோடு மரகதம் மண்டியிட்டு மணலைப் பறிக்கத் தொடங்கினாள். மோதிரம் விழுந்துவிட்டது என்று நினைத்த பாக் மாட், பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து தானும் பறித்தார். தண்ணீர் ஊறியதும் அவள் கைதட்டினாள். அவர் அந்தக் குழியைப் பார்த்தார், சுற்றிலும் அரைமைல் அகலத்துக்கு ஓடும் ஆற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இங்கே தண்ணீர் இல்லையா?” என்று மெதுவாகக் கேட்டார். மதுரைக்காரியிடம் கேட்க வேண்டிய கேள்வி அது.

கலங்கலை இறைத்துவிட்டுக் காத்திருந்தோம். காப்பி நிறம் மெல்லப் போய்த் தண்ணீர் தெளிந்தது. மரகதம் ஒரு கை அள்ளிக் குடித்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுளிக்கவில்லை.

“நம்ம ஊத்து மாதிரி இல்ல. ஆனா குடிக்கலாம்” என்றாள். பிறகு சொம்பை நிரப்பிக்கொண்டே, “அண்ணன மட்டும் போகச் சொல்லுங்க. திரும்பி வாரப்ப ஒரு பித்தளைக் குடம் வாங்கியாரட்டும். இந்தச் சொம்பு எம்புட்டுக் கொள்ளும்?” என்றாள்.

எனக்குக் கத்த வேண்டும்போல் சந்தோஷம். மறுநாளே பலகையில் அவள் சொன்னதைத்தான் எழுதினேன்: ‘இங்கே ஆள் நிலைக்காது.’ தஞ்சாவூர்க்காரருக்கும் திருநெல்வேலிக்காரருக்கும் அது புரிந்தது.

இப்போது வாரந்தோறும் குடத்தோடு அந்தப் பலகையைக் கடந்துதான் படகேறுகிறோம். ஒவ்வொரு வாரமும் ஆறு ஊற்றை மூடிவிடும். அவள் மறுபடி பறிப்பாள். “டாலாம்?” என்று பாக் மாட் கேலியாகக் கேட்பார். அவள் முழங்கை வரை நனைந்த கையைத் தூக்கிக் காட்டுவாள். பதிலுக்கு அவர், நுனிவரை நனைந்த தன் கழியைத் தூக்கிக் காட்டுவார். இரண்டுக்கும் நடுவில், கணுக்கால் தண்ணீரில், குடத்தோடு நான் நின்றுகொண்டிருப்பேன்.