காதர் பாயின் கௌரவமான மூட்டுவலி

நம் ஊரில் யாராவது தனியாக டாக்டரிடம் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. துணைக்கு ஓர் ஆள் வேண்டும். பேசுவதெல்லாம் அந்த ஆள்தான். நாக்கை நீட்டுவது மட்டும் நோயாளியின் பொறுப்பு.

போன மாதம் துணை ஆள் நான். நோயாளி, செஞ்சி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் என் நண்பர் காதர் பாய். (பெயரைப் போட்டே எழுதச் சொன்னவர் அவர்தான்.)

பாய்க்கு விரல், முட்டி எல்லாம் வலி. கடை ஷட்டரைக்கூடத் தூக்க முடியவில்லை. லேபில் ஒரு பேக்கேஜ் டெஸ்ட் எடுத்தார். முடக்குவாதத்துக்கான ஆன்டிபாடி - பாசிட்டிவ்.

மனிதர் இடிந்துபோவார் என்று நினைத்தேன். அவரோ கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் மொபைலில் ரிப்போர்ட்டைக் காட்டிக்கொண்டிருந்தார். எதிர்க்கடை ஏழுமலை, சிங்கவரத்திலிருந்து முடக்கத்தான் கீரையைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து இறக்கினார். ஏழுமலை அல்சர்காரர். அடுத்தவர் வலி என்றால் உருகிவிடுவார்.

ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் போனோம்.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று பாயைப் பார்த்துக் கேட்டார் டாக்டரம்மா.

"அதெல்லாம் ஒண்ணும் கிடையாது டாக்டர்," என்றேன் நான்.

"இருமல்?"

"பீடி, சிகரெட்டே தொடமாட்டாருங்க."

பாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் பேனாவைத் திறந்தார். எழுதப் போனவர், ரிப்போர்ட்டின் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டு நிறுத்தினார்.

"யூரின் ஆரஞ்சு கலர்னு போட்டிருக்கே?"

"பீட்ரூட் டாக்டர்," என்றேன்.

பாய் வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. ஆனால் கேள்வி வந்தால் பதில் வர வேண்டாமா... துணைக்குப் போனவனின் கடமை அல்லவா அது?

"சார், நீங்க கொஞ்சம் வெளியே உட்காருங்க."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. பெஞ்சில் உட்கார்ந்து பொருமிக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்து பாய் வந்தார். டீக்கடைக்கு அழைத்துப் போனார்.

"எனக்கு டீபி. கவர்மென்ட் ஆஸ்பத்திரி மாத்திரை சாப்டுக்கினு இருக்கிறேன். அதுலதான் ஆரஞ்சா போவுது."

"யோவ், அதை டாக்டர்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"நீ பக்கத்துல உக்காந்துக்கினு இருந்தியே."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

டாக்டர் சொன்னதை பாய் விளக்கினார். டீபி உள்ள சிலருக்கு, முடக்குவாதம் இல்லாவிட்டாலும் இந்த ஆன்டிபாடி பாசிட்டிவ் காட்டுமாம். டீபி மாத்திரைகளில் ஒன்றுக்கே மூட்டுவலியைக் கிளப்பும் குணம் உண்டாம். அதனால் மாத்திரையை நிறுத்தாமல், அதைக் கொடுக்கிற ஆஸ்பத்திரியிலேயே வலியைச் சொல்ல வேண்டும். ஆன்டிபாடி கதையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தெரியாமல் வாதத்துக்கு மருந்து ஆரம்பித்திருந்தால்? அது உடம்பின் எதிர்ப்பு சக்தியை அடக்குகிற மருந்து. உள்ளே இருக்கும் டீபிக்குக் கொண்டாட்டம். டாக்டர் பேனாவைத் திறந்ததை நினைத்தால் இப்போதும் பகீர் என்கிறது.

நோயிலும் அந்தஸ்து பார்க்கிற ஜனங்கள் நாம். சுகர் என்று கல்யாணப் பந்தியில் சத்தமாகச் சொல்லி, ஸ்வீட்டைத் தள்ளி வைக்கலாம். பிரஷர் இருந்தால் பெரிய மனுஷன். மூட்டுவலிக்குக் கீரையே வரும். டீபி என்றால் மட்டும் ஏன் வாய் ஒட்டிக்கொள்கிறது? அதுவும் மாத்திரை சாப்பிட்டால் போகிற நோய்தானே?

மறுநாள் ஏழுமலை கீரைக்கட்டோடு வந்தார். "இன்னா பாய், முட்டி எப்படி இருக்குது?"

பாய் என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"முட்டி இல்லபா. டீபி. மாத்திரை சாப்டறேன்."

ஏழுமலை கீரையைக் கல்லாமேல் வைத்தார். அக்கம்பக்கம் பார்த்தார்.

"எனக்கும் வந்து போச்சு பாய். நான் அல்சர்னு சொல்லிக்கினு இருந்தேன்."

பாய் கீரைக்கட்டை ஏழுமலை பக்கமே தள்ளினார்.

"அடப்பாவி... அப்போ பெருநாளுக்குப் பெருநாள் எங்க வீட்ல உனக்குன்னு தனியா காரமில்லாம ஆக்கினோமே பிரியாணி?"

ஏழுமலை பெருமூச்சு விட்டார். "டீபியே தேவலாம் பாய்."