எல்லோரையும் உட்கார வைத்த எஸ்தர் மேடம்

போன திங்கட்கிழமை காலை கடையைத் திறந்துகொண்டிருந்தேன். எஸ்தர் மேடத்தின் எண்ணிலிருந்து போன் வந்தது. எடுத்தால் அவர் மகன். "அம்மா தவறிட்டாங்க ஆன்ட்டி. தூக்கத்துலயே." அரக்கோணத்தில் அடக்கம் என்றார். பேசி முடித்த பிறகும் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு நின்றிருந்தேன்.

திருத்தணி மாலில் கடை வைத்திருந்த நமக்கு அவர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய அரிசி மண்டியை இடித்து மூன்று மாடி மால் கட்டியபோது அதற்கு மேனேஜராக வந்தவர் எஸ்தர். ஊரின் முதல் எஸ்கலேட்டர் அங்கேதான் வந்தது. மலையிறங்கும் கூட்டம், மொட்டைத் தலையில் சந்தனம் காய்வதற்குள் அதில் ஏறிப் பார்க்க வந்துவிடும். மேடம் அதன் அடியில் நின்றுகொண்டு, "சேலையைத் தூக்கிப் புடிம்மா" என்பார். ஆந்திராவின் நகரிப் பக்கத்திலிருந்து வந்தவர்களிடம் அதையே தெலுங்கில், "சீர ஜாக்ரத்த" என்பார்.

"யாருக்கும் ஒண்ணும் ஆவலியே மேடம், ஏன் இப்படி பயந்துகினு இருக்கீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆவறதுக்கு முன்னாடிதான் பயப்படணும் சுமதி. அப்புறம் பயந்து இன்னா பண்றது?"

ஓர் ஆடிக் கிருத்திகை மாலையில் பேய்மழை பிடித்தது. சாலையில் போன கூட்டமெல்லாம் மாலுக்குள் ஒதுங்கியது. காவடியோடு சிலர், கைக்குழந்தையோடு பலர். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் கிளம்பவில்லை. எஸ்கலேட்டர் குலுங்கி நின்றதில் யாரோ அலற, உள்ளே இருந்தவர்கள் வாசலை நோக்கியும் நனைந்து வந்தவர்கள் உள்நோக்கியும் நெருக்கினார்கள். என் மகள் யாழினி மேல்மாடி ஐஸ்கிரீம் கடையில் இருந்தாள். என் ஃபேன்சி கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் படிக்கட்டுக்கு ஓடினேன். மேடம் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பாப்பா மேல இருக்கு மேடம்."

"தெரியும். நீ ஓடினா உன் பின்னாடி எல்லாரும் ஓடுவாங்க. உக்காரு."

என்னைத் தரையில் உட்கார வைத்துவிட்டு அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறினார். செல்போன் வெளிச்சத்தைத் தன் முகத்தில் அடித்துக்கொண்டு குரல் கொடுத்தார். "எல்லாரும் இருக்கிற எடத்துலயே உக்காருங்க. காவடிக்காரங்க மொதல்ல உக்காருங்க சாமி." தெலுங்கிலும் சொன்னார். காவடி எடுத்தவர்கள் உட்கார்ந்தார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். நெருக்கல் மெல்ல நின்றது. காவலாளி பின்பக்க ஷட்டரைத் தூக்கியதும், மேடம் அதன் அருகே இருந்தவர்களை முதலில் எழுப்பி, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே அனுப்பினார். நான் மேல்படியைப் பார்த்தபடியே இருந்தேன். அங்கே இருட்டுதான் தெரிந்தது. மேல்மாடியிலிருந்தவர்களை இறக்கியது எல்லோருக்கும் கடைசியில்தான். முன்பின் தெரியாத ஒரு தெலுங்குப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு யாழினி இறங்கி வந்தாள்.

பிறகு டீ வாங்கிக் கொடுத்தேன். மேடத்தால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. "உன்னவிட எனக்குத்தான் பயம் சுமதி. என் கைய யாரும் பாக்கல, அவ்ளோதான்" என்றார். கூட்டத்தை வெளியே அனுப்பித் திருவிழா வியாபாரத்தைக் கெடுத்துவிட்டதாக மால் முதலாளி மறுநாள் வந்து சத்தம் போட்டார். அவர் போனதும் மேடம் ஜெனரேட்டர் மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

ஊரடங்குக்குப் பிறகு மால் எழவே இல்லை. துணிக்கடை காலியானது. எஸ்கலேட்டரை நிறுத்திக் குறுக்கே கயிறு கட்டினார்கள். நானும் பஸ் ஸ்டாண்ட் பக்கம் வந்துவிட்டேன். மேடம் மட்டும் தினமும் அரக்கோணத்திலிருந்து வந்து, காலியான மாடிகளை ஏறிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "கீழ ரெண்டு கடையில ஆளுங்க இருக்காங்க இல்ல?" என்றார்.

மாலுக்குப் பூட்டு போட்ட பிறகும் அவர் கவலை ஓயவில்லை. நான் கடை மூடும் நேரத்துக்குப் போன் வரும். "மெயின் ஆஃப் பண்ணியா?" பண்ணிவிட்டேன் என்றாலும், "திரும்பப் போய்ப் பாரு" என்பார். இணைப்பைத் துண்டிக்காமல் காத்திருப்பார்.

அவரிடமிருந்து எனக்குத் தங்கியது இந்தக் கவலைதான். அடக்கத்துக்கு மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு, பக்கத்துச் செருப்புக் கடைக்காரரிடம் போனேன்.

"மெயின் ஆஃப் பண்ணீங்களா?"

"ஆங், பண்ணிட்டேன்கா."

"ஒருவாட்டி திரும்பப் போய்ப் பாருங்களேன்."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஷட்டரைத் தூக்கி உள்ளே போனார். அவர் வெளியே வரும்வரை நான் அங்கேயே நின்றிருந்தேன்.