பண்ணையாரின் முதுகு

ரோமாபுரியின் தலைவனைச் சபையில் வைத்துக் குத்திக் கொன்றார்களே, அவர்களுக்காகத் தென்காசியில் ஒரு சனிக்கிழமை மாலை நான் வாதாடி ஜெயித்தேன். செத்து இரண்டாயிரம் வருஷம் ஆனவனுக்காக ஊரே வந்து உட்கார்ந்திருந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கத்தில் அதுதான் மோகம். படிப்பக ஆண்டு விழா என்றால் வழக்காடு மன்றம் உண்டு. யாராவது ஒரு பழைய ராஜாவைக் கூண்டில் ஏற்றுவார்கள். பக்கத்துத் தெருவில் நடக்கும் அநியாயத்தை மட்டும் யாரும் ஏற்றமாட்டார்கள்.

நான் அப்போது உயர்நிலைப் பள்ளியில் சரித்திர ஆசிரியர். வேலை தற்காலிகம், வாய் மட்டும் நிரந்தரம். கொடுங்கோலனைக் கொல்வது கொலையாகாது என்றேன். சட்டமும் காவலும் அவன் பையில் இருக்கும்போது குடிமக்களுக்கு வேறு எந்த வாசல் திறந்திருக்கிறது என்று கேட்டேன். அவன் ஆயுதத்தையும் ஆட்களையும் விட்டுவிட்டுத் தனியாக நிற்கும் இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்று கையை ஓங்கிக் காட்டினேன். கூட்டம் விசிலடித்தது.

விழாவுக்குத் தலைமை எங்கள் பண்ணையார். நன்கொடை பெரிதாகத் தருகிறவரைத் தலைமையில் உட்கார வைப்பது அந்நாளைய வழக்கம். நான் வேலை பார்த்த பள்ளிக்கும் அவர்தான் தாளாளர். அவரே எழுந்து வந்து எனக்குப் பொன்னாடை போர்த்தினார். "பிரமாதம் வாத்தியாரே! அந்தமாதிரிப் பயலுவள வெட்டத்தான் செய்யணும்" என்றார். எந்தக் கொடுங்கோலனுக்கும் அது தன்னைப் பற்றிய பேச்சாகக் காதில் விழுவதில்லை.

கடைசி வரிசையில் என் அத்தான் நின்றிருந்தார். அக்காவின் கணவர். பாவூர்சத்திரம் பக்கம் பண்ணையாரின் வயலைக் குத்தகைக்கு உழுதவர். போன தை மாதம் விளைந்து நின்ற நெல்லைப் பண்ணையாரின் ஆட்கள் புகுந்து அறுத்துப் போனார்கள். மறித்த அத்தானின் அப்பாவை வரப்பிலேயே போட்டு மிதித்தார்கள். ஒரு மாதம் கிடந்து செத்தார். வரப்பில் வழுக்கி விழுந்ததாகப் போலீஸில் எழுதிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை அத்தான் என் வீட்டுக்கு வந்தார். காபியைத் தொடவில்லை.

"ஏலே மாப்ளே, நேத்து நீ சொன்னது நெசந்தானா?"

"எது அத்தான்?"

"அவனக் கொல்லுதது கொலை இல்லன்னியே."

"அது ரோமாபுரிக்கதை அத்தான். போட்டிக்காகப் பேசுனது."

"வார ஞாயித்துக்கெழம குத்தாலத்துக்குக் குளிக்க வருவான். தடிக்காரப் பயலுவ துணியப் புடிச்சிக்கிட்டு மேல நிப்பானுவ. அருவிக்குள்ள அவன் கோவணத்தோட தனியாத்தான நிக்கான்? நீ சொன்ன எடம் அதுதாம்லே."

அந்த ஒரு வாரம் நான் பட்ட பாட்டை என் எதிரியும் படக்கூடாது. பள்ளி விட்டதும் சைக்கிளை மிதித்துக்கொண்டு அவரிடம் ஓடுவேன். சனிக்கிழமை சொல்லாமல் விட்ட சரித்திரத்தையெல்லாம் இப்போது சொன்னேன். ஏதென்ஸில் இரண்டு நண்பர்கள் வாளோடு போனார்கள், சிக்கியது கொடுங்கோலனின் தம்பி. பிழைத்துக்கொண்ட அண்ணன் அதன்பிறகுதான் அசல் பேயாக ஆனான். மகதத்தில் கடைசி மௌரிய ராஜாவைப் படை அணிவகுப்பின்போது வெட்டிய சேனாபதி, தானே சிம்மாசனத்தில் ஏறிக்கொண்டான். ரோமாபுரியிலோ குடியரசைக் காப்பாற்றக் குத்தினார்கள், கடைசியில் சக்கரவர்த்திகள்தான் வந்தார்கள்.

அத்தான் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "சரிலே. கொல்லாம விட்ட ஊர்ல மட்டும் அவனுவ திருந்திட்டானுவளா? அது எந்தப் பொஸ்தகத்துல இருக்கு?"

அப்படி ஒரு புத்தகத்தை நான் படித்ததில்லை.

பண்ணையாருக்கு மொட்டைக் கடிதம் எழுதலாமா என்றுகூட யோசித்தேன். ரோமாபுரித் தலைவன் கையிலும் யாரோ ஒரு எச்சரிக்கைச் சீட்டைக் கொடுத்தார்களாம், அவன் படிக்காமலே போய்ச் செத்தானாம். இவர் படித்துவிடுவார். படித்தால் அத்தான் உயிரோடு வீடு திரும்பமாட்டார். அக்காவிடம் சொல்லவும் துணிவில்லை. அவளுக்கு அப்போது எட்டாம் மாதம்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸிலேயே குற்றாலம் போய்விட்டேன். ஆடிச் சாரல் நெற்றியில் அடித்துக்கொண்டிருந்தது. பெரிய அருவியில் கூட்டம் நெரிந்தது. உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு நின்ற ஆட்களுக்கு நடுவே அத்தானைக் கண்டுபிடித்தேன். கையில் சுருட்டிய துண்டு. துண்டுக்குள் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அத்தான், அக்காவ நெனச்சுப் பாருங்க" என்று அருவி இரைச்சலில் அவர் காதுக்குள் கத்தினேன்.

"அவள நெனச்சித்தாம்லே வந்திருக்கேன். எங்கய்யாவ மிதிச்ச கால் என் புள்ளையவும் மிதிக்கணுமா?" அழுதுகொண்டு சொன்னாரா, தண்ணீரா, தெரியவில்லை. "ஒண்ணு சொல்லு. நீ என்னப் புடிக்கது எனக்காவயா, ஒன் வேலைக்காவயா?"

பதில் சொல்வதற்குள் பண்ணையார் என்னைப் பார்த்துவிட்டார். பக்கத்தில் நின்ற குத்தகைக்காரன் அவர் கண்ணில் படவே இல்லை. அருவியின் ஓரத்தில், ஐந்தடி தூரத்தில், எண்ணெய் வழியும் வெற்றுடம்போடு நின்றார். "என்ன வாத்தியாரே, நீரும் வந்தாச்சா! இங்கன வாரும், தண்ணி நல்லாருக்கு. அப்படியே இந்த முதுகக் கொஞ்சம் தேச்சு விடும்" என்று சிரித்தபடி திரும்பி நின்றார்.

அகலமான, வெளுத்த, பாதுகாப்பே இல்லாத முதுகு. அத்தான் என் பிடியிலிருந்து கையை இழுத்தார். துண்டு அவிழத் தொடங்கியது. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அவர் கையை உதறிவிட்டு ஓடிப்போய் இருவருக்கும் நடுவில் நின்றேன். நின்றால் மட்டும் போதாது, ஏன் நிற்கிறேன் என்று பண்ணையார் திரும்பிப் பார்ப்பார். ஆகவே இரண்டு கைகளாலும் அந்த முதுகைத் தேய்த்தேன். தோள்பட்டை, நடுமுதுகு, இடுப்பு என்று அழுத்தி அழுத்தித் தேய்த்தேன். என் முதுகில் எந்த நிமிஷம் கத்தி இறங்குமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தேன். "ஆகா, கையில வேலை இருக்கு ஓய்" என்றார் அவர்.

திரும்பிப் பார்த்தபோது அத்தான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறிப் போய்க்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை. பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போனேன், கொல்லைப்புறம் போய்விட்டார். "ஏம்லே, ஒங்க அத்தான் ஒன்கிட்ட மொகம் குடுக்க மாட்டேங்காவ?" என்று அக்கா கேட்டாள். ஏதோ சொல்லி மழுப்பினேன். அந்த வருஷமே என் வேலை நிரந்தரமானது. நான் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அடுத்த தை அறுவடையில், அதே பண்ணையாரின் ஆட்கள், அத்தான் வயலுக்கு அடுத்த வயல்காரனை அடித்துப் போட்டார்கள். இரண்டு பெண் குழந்தைகள் அவனுக்கு. அவன் ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே இறந்தான்.

அவன் பிணத்தை எடுத்த அன்று, சுடுகாட்டிலிருந்து குளித்த ஈரத்தோடு அத்தான் நேராக என் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"கொல்லுதது தப்புன்னு தடுத்தியே மாப்ளே," என்றார், கோபமே இல்லாத குரலில். "இவனக் கொன்னது யாருலே?"

கேட்டுவிட்டு நின்றார். நான் ஏதாவது சொல்வேன் என்று உண்மையிலேயே எதிர்பார்த்து நின்றார்.