சிவப்புப் புள்ளி இல்லாத ஊர்

என் தங்கச்சி நியூ ஜேர்ஸியில் வீடு வாங்கப் போன கதையோடுதான் இது ஆரம்பித்தது. இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டோ ஏழாம் ஆண்டோ. அவள் வீட்டைப் பார்த்ததைவிட, வீட்டைச் சுற்றி யார் யார் இருக்கிறார்கள் என்று கொம்பியூட்டரில் பார்த்ததுதான் அதிகம். பாலியல் குற்றம் செய்து தண்டனை பெற்றவர்களின் பட்டியலை அமெரிக்காவில் அரசாங்கமே இணையத்தில் போட்டுவிடுகிறது. பெயர், படம், உயரம், நிறை, இருக்கிற தெரு, எல்லாம் இருக்கும். ஊரின் பெயரைக் கொடுத்தால் வரைபடம் வரும். அதில் ஆளுக்கொரு சிவப்புப் புள்ளி.

"அக்கா, எங்கட வீட்டில இருந்து ரெண்டு தெரு தள்ளி ஒருவன் இருக்கான். படத்தைப் பார்த்தா பாங்க் மனேஜர் மாதிரி இருக்கான். நீங்க உங்கட இடத்தைப் பார்த்தீங்களா?"

"இல்லை" என்றேன்.

மகளை நடுரோட்டில் விட்டுவிட்டு வந்தவளிடம் பேசுவதுபோல, "புள்ளைக்கு ஒன்பது வயசாகிட்டு அக்கா" என்றாள். என் மகளின் வயதை எனக்கே சொல்கிறாள்.

போனை வைத்ததும் கொம்பியூட்டர் முன்னால் இருந்தேன். நாங்கள் அப்போது கனடாவின் கியூபெக் மாகாணத்தில், மொன்ட்ரியால்-நோரில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றில் முதல் மாடியில் இருந்தோம். தங்கச்சி சொன்ன இடத்தில் எங்கள் தபால் குறியீட்டை அடித்தேன். எந்த மாநிலம் என்று கேட்டது. கியூபெக் அந்த வரிசையிலேயே இல்லை. வேறு விதமாகத் தேடினால், கனடாவிலும் அப்படி ஒரு பட்டியல் இருக்கிறதென்று செய்தி வந்தது. ஆனால் அதை எங்கே திறப்பது என்று மட்டும் எங்கேயும் இல்லை. காசு கட்டினால் காட்டுகிறோம் என்று இரண்டு இடங்கள் சொல்லின. அந்த அளவுக்கு நான் முட்டாளில்லை.

என் கணவர் டவுன்டவுனில் ஒரு உணவகத்தில் சமையல்காரர். வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "பொலிஸிட்டயே கேளன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். எல்லாவற்றுக்கும் ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு இறங்கிப் போவது அவருடைய பழக்கம்.

கேட்கத்தான் போனேன். எங்கள் பகுதிப் பொலிஸ் நிலையம் பஸ்ஸில் கொஞ்சத் தூரம். முன்மேசையில் இளம் பொலிஸ்காரர் ஒருவர் இருந்தார். வகுப்பில் படித்த பிரெஞ்சை எல்லாம் திரட்டிக்கொண்டு கேட்டேன்.

"பாலியல் குற்றவாளிகளின் பட்டியல் இருக்கிறதா?"

"இருக்கிறது, மதாம்."

"நான் பார்க்கலாமா?"

"இல்லை. பொலிஸ் மட்டும்தான் பார்க்கலாம்."

"அப்படியென்றால் நீங்கள் பார்த்து, எங்கள் தெருவில் யாராவது இருக்கிறார்களா என்று சொல்லுங்கள்."

"சொல்ல முடியாது."

"ஒருவரும் இல்லை என்றாவது சொல்லுங்கள்."

"அதையும் சொல்ல முடியாது, மதாம்."

பிறகு யாருக்கு அந்தப் பட்டியல் என்று கேட்டேன். ஒரு குற்றம் நடந்தால் விசாரிப்பதற்கு என்றார். நடந்தால்! நான் நடக்காமல் இருக்க வழி கேட்கிறேன், அவர் நடந்த பிறகு உதவும் என்கிறார். பெயர்களை வெளியில் விட்டால் ஆட்கள் ஒளிந்துவிடுவார்கள், பிறகு சனம் தவறான ஆளைப் பிடித்து அடிக்கும் என்றும் விளக்கினார். பொறுமையாகத்தான் சொன்னார். அந்தப் பொறுமைதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

இதில் இன்னொரு விஷயமும் இருந்தது. நான் ஒரு கார்டெரியில், அதுதான் பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்தில், சமையல் உதவியாளராக இருந்தேன். கரட் வெட்டுவதும் சூப் ஆற்றுவதும்தான் வேலை. அதற்கே என்னைப் பற்றிப் பொலிஸ் துருவி ஆராய்ந்து, இவளால் பிள்ளைகளுக்கு ஆபத்தில்லை என்று உறுதி கொடுத்த பிறகுதான் உள்ளே விட்டார்கள். என்னைப் பற்றி எல்லாம் அவர்களுக்குத் தெரியும். என் பிள்ளையைச் சுற்றி இருப்பவர்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியக்கூடாது.

இந்தக் கோபத்தோடு வீட்டுக்கு வந்தபோது படிக்கட்டில் மேல்வீட்டு அக்கா எதிர்ப்பட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவருடைய கடைக்குட்டி மகளும் என் மகளும் ஒரே வகுப்பு. நடந்ததைச் சொன்னேன்.

"உவங்கள் ஒண்டும் சொல்லமாட்டாங்கள், தங்கச்சி. நாங்கள்தான் கண்டுபிடிக்கோணும்" என்றார்.

"என்னெண்டு கண்டுபிடிக்கிற?"

கீழே, தரைத்தளக் கதவைக் கண்ணால் காட்டினார்.

அங்கே அந்த இலையுதிர் காலத்தில்தான் ஒருவர் குடிவந்திருந்தார். ஐம்பது ஐம்பத்தைந்து வயதுக் கியூபெக்காரர். தனி ஆள். முன்தலை வழுக்கை, தடித்த கண்ணாடி. கட்டடத்துக்குப் பின்னாலுள்ள சிறு ஒழுங்கையில் குந்தியிருந்து பழைய சைக்கிள்களைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருப்பார். ஒழுங்கையில் விளையாடும் பிள்ளைகள் சைக்கிளுக்குச் சங்கிலி கழன்றால் அவரிடம் ஓடுவார்கள். மாட்டிக் கொடுப்பார். எல்லாருக்கும் 'பொஞ்சூர்' சொல்வார். அக்காவின் கணக்கில் இவ்வளவும் குற்றங்கள்தான். தனியாக இருப்பது ஒன்று, பிள்ளைகளோடு சிரிப்பது இரண்டு.

"ஆம்பிளைக்கு ஏன் உந்த வேலை?" என்றார்.

"சைக்கிள் திருத்துறது ஆம்பிளைட வேலைதானே அக்கா?"

"நீர் ஒண்டும் விளங்காத ஆள்."

ஒரு கிழமை கழித்து வேலையால் வரும்போது, கீழே தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நாலு மூலையிலும் டேப். புளோரிடா மாநிலத்துப் பட்டியலில் இருந்து ஒரு பக்கத்தை அச்செடுத்திருக்கிறார்கள். கறுப்பு வெள்ளையில் ஒரு வழுக்கைத் தலையும் கண்ணாடியும். அதன் கீழே, தரைத்தளக்காரரின் தபால் பெட்டியில் இருக்கிற அதே பெயர். கியூபெக்கில் தெருவுக்கு இரண்டு பேருக்கு இருக்கக்கூடிய பெயர் அது.

அங்கேயே நின்று முழுவதையும் வாசித்தேன். படத்தில் இருந்தவர் இவரைவிட ஒரு சாணாவது உயரம். கழுத்தில் பெரிய பச்சை குத்தியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, இந்த ஆள் இப்போது அங்கே சிறையில் இருக்கிறார் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. புளோரிடாச் சிறையில் இருக்கிறவர் எப்படி மொன்ட்ரியாலில் சைக்கிளுக்குச் சங்கிலி மாட்டுவார்? ஒட்டியவருக்கு இதை வாசிக்கப் பொறுமை இருக்கவில்லை.

டேப் லேசில் விடவில்லை. நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கும்போது பின்னால் கதவு திறந்தது. அவர்தான். கையில் டெப்பனரில் வாங்கிய பால். பக்கத்துக் கடைக்குப் போன நேரத்துக்குள் நடந்த வேலை போலிருக்கிறது. நான் மறைப்பதற்குள் வாசித்துவிட்டார். இரண்டு மூன்று வரிதான் வாசித்திருப்பார்.

"இது நான் இல்லை" என்று பிரெஞ்சில் சொன்னார்.

"தெரியும். நான் ஒட்டவில்லை, கழற்றுகிறேன்" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு அவர் ஒழுங்கையில் இருக்கவில்லை. சங்கிலி கழன்ற பிள்ளைகள் கதவைத் தட்டினாலும் திறக்கவில்லை.

தாளைக் கொண்டு மேலே போனேன். அக்கா மறுக்கவில்லை. மூத்த மகன் எடுத்துக் கொடுத்தவனாம்.

"பேர் ஒண்டுதானே?" என்றார்.

"ஆள் வேற அக்கா. இதில எழுதியிருக்கு, அவன் மறியல்ல இருக்கான்."

"இண்டைக்கு இருப்பான், நாளைக்கு வந்திடுவான்."

"வந்தா புளோரிடாவிலதான் வருவான்!"

"நீர் ஏன் அவருக்காகக் கதைக்கிறீர்?"

அதற்குமேல் நின்றால் என் வாயில் வேறு ஏதாவது வந்துவிடும் என்று இறங்கி வந்துவிட்டேன். அன்று தங்கச்சிக்கும் போனில் நன்றாகக் கொடுத்தேன். பாவம், அவள் இதில் ஒன்றும் செய்யவில்லை.

குளிர்காலம் முழுவதும் நானும் அக்காவும் அளவோடுதான் பேசினோம். ஆனால் சனிக்கிழமைகளில் பேசாமல் இருக்க முடியாது. பிள்ளைகள் இரண்டு பேரையும் கணக்கு டியூஷனுக்குக் கூட்டிப்போவதை முறை வைத்துச் செய்தோம், ஒரு கிழமை அவர், ஒரு கிழமை நான். டியூஷன் சொல்லிக்கொடுத்தவரை எல்லாரும் மாஸ்டர் என்போம். எங்கள் ஆள். எந்த விழாவென்றாலும் வரவேற்புரை அவர்தான். தன் வீட்டு பேஸ்மென்டில் ஏழெட்டுப் பிள்ளைகளை வைத்துப் படிப்பிப்பார். அவரைப் பற்றி யாரும் எதுவும் தேடவில்லை. தேடியிருந்தாலும் எந்த நாட்டுப் பட்டியலிலும் இருந்திருக்க மாட்டார்.

பனி உருகத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை என் முறை. பாதி வழியில் அக்காவின் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். வயிற்றுவலி என்றாள்.

"காலமை சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.

பதில் சொன்னது என் மகள். "அம்மா, அவளுக்கு வயிற்றுவலி இல்ல. அவள்ற அம்மா கூட்டிப்போற சனியிலயும் இப்படித்தான் சொல்லுவாள். மாஸ்டர் அவளைத்தான் கடைசியா விடுவார். எங்களை எல்லாம் அனுப்பிப்போட்டு, அவள்ற கொப்பியைத் திருத்தோணும் எண்டு கதவைச் சாத்துவார்."

அக்காவின் மகள் அவளைப் பிரெஞ்சில் ஏதோ திட்டினாள். பிறகு அழுதாள்.

நான் டியூஷன் பக்கம் போகவில்லை. எதிரில் இருந்த டோனட் கடைக்குள் கூட்டிக்கொண்டு போய், என் மகளைக் கண்ணுக்குத் தெரிகிற இன்னொரு மேசையில் இருத்திவிட்டு, அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. 'நீ ஒரு பிழையும் செய்யேல்ல, உன்னை ஒருத்தரும் ஏசமாட்டாங்க' என்று மட்டும் சொன்னேன். சூடான சொக்லேட் ஆறிப்போன பிறகு சொன்னாள். பாதி தமிழ், பாதி பிரெஞ்சு. அவள் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். அது அவளுடையது.

வீட்டுக்கு வந்து அக்காவைப் படிக்கட்டுக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் வாயில் முதல் வந்த சொல், "மாஸ்டரோ? சீ, அவர் அப்பிடிப்பட்ட ஆள் இல்லை."

பிறகு, "இதை வெளியில விடாதையும், பிள்ளைக்கு நாளைக்கு ஒரு வாழ்க்கை இருக்கு."

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. "அக்கா, சைக்கிள் திருத்தினவருக்குப் புளோரிடாவில இருந்து தாள் எடுத்து ஒட்டினீங்க. உங்கட சொந்தப் புள்ள அழுதழுது சொல்லுது, அதை நம்ப உங்களுக்கு என்ன தாள் வேணும்?"

அவர் படியில் இருந்துவிட்டார். முகத்தை மூடிக்கொள்ளவுமில்லை, அழவுமில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே, "என்ர முறை வந்த சனியெல்லாம் நான்தான் இழுத்துக்கொண்டு போனனான். வயித்துக்குள்ள குத்துது எண்டுவாள். ஓமத்தண்ணி குடுத்துக் கூட்டிக்கொண்டு போனனான்" என்றார். கொஞ்ச நேரத்தில் எழும்பி உள்ளே போனார். கதவடைத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். தானும் கோட்டைப் போட்டு, மகளுக்கும் போட்டுக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"எந்த பஸ்?" என்று கேட்டார்.

அதே பொலிஸ் நிலையம், அதே இளம் பொலிஸ்காரர். இந்த முறை அவர் 'முடியாது' என்ற சொல்லை ஒரு தடவையும் சொல்லவில்லை. எங்களை உள்ளறைக்குக் கூட்டிப் போனார். பிள்ளைகளிடம் பேசுவதற்கென்றே படித்த ஒரு பெண் அதிகாரியை அழைத்தார். அந்தப் பெண் அவளிடம் பேசினாள், ஒரே ஒரு முறை, அம்மா பக்கத்து அறையில் இருக்க.

மாஸ்டரைப் பொலிஸ் கூட்டிப்போன விஷயம் வெளியில் வந்ததும் இன்னும் இரண்டு பிள்ளைகளின் தாய்மார் பொலிஸிடம் போனார்கள். மற்றவர்கள் வேறு மாதிரி. பக்கத்து நகர் லவாலில் இருந்து எங்கள் ஆள் ஒருவர் எனக்கு போன் பண்ணி, "வெள்ளைக்காரனிட்டப் போகாமல் எங்களுக்குள்ளயே கதைச்சு முடிச்சிருக்கலாமே" என்றார். என்னத்தைக் கதைத்து முடிப்பது என்று கேட்டேன். "இல்லை, ஒரு மரியாதைக்கு" என்றார். போனை வைத்துவிட்டேன். இப்படி எத்தனை பேர். ஒருவராவது, அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டிருக்கலாம்.

ஜூலை முதலாம் திகதி, ஊரே வீடு மாறுகிற அன்று, தரைத்தளக்காரரும் போனார். நண்பர் ஒருவரின் வானில் சைக்கிள் சக்கரங்களை ஏற்றிக்கொண்டிருந்தார். அக்கா இறங்கி வந்து வாசற்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். மன்னிப்புக் கேட்க வந்தார் என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு பத்துச் சொல். அதில் ஒன்றை எடுத்தார். "பார்டோன்" என்றார்.

வழி விடச் சொல்லும்போதும் அங்கே அந்தச் சொல்தான். அப்படித்தான் கேட்கிறார் என்று நினைத்து அந்த மனிதர் பெட்டியோடு சுவரோரமாக ஒதுங்கி நின்றார். "பார்டோன்" என்றார் அக்கா மறுபடியும். அவர் இன்னும் ஒதுங்கினார். நான் நடுவில் புகுந்து, இவர்தான் அந்தத் தாளை ஒட்டியவர், மன்னிப்புக் கேட்கிறார் என்று பிரெஞ்சில் சொன்னேன். அவர் அக்காவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். 'சரி' என்றும் சொல்லவில்லை, 'பரவாயில்லை' என்றும் சொல்லவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவர் சொல்லத்தான் வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவுமில்லை.

மாஸ்டர் மாதக்கணக்காக மறுத்துவிட்டு, வழக்குக்குச் சில நாள் இருக்கும்போது குற்றத்தை ஒப்புக்கொண்டார். பிள்ளைகள் நீதிமன்றத்துக்குப் போய்ச் சொல்லவேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. அதைச் சொன்னபோது அக்காவின் மகள், "அப்ப சனிக்கிழமை நீச்சலுக்குப் போகலாமா?" என்று கேட்டாள்.

எங்கள் பகுதி நீச்சல் குளத்தில் இரண்டு பேரையும் சேர்த்தோம். முதல் நாளே அக்கா கோட்டோடும் குளிர்ச் சப்பாத்தோடும் குளத்தோரத்து வாங்குப் பலகையில் போய் இருந்துவிட்டார். பெற்றோர் வெளியில்தான் நிற்கவேண்டும், சப்பாத்தோடு உள்ளே வரக்கூடாது என்று காவலுக்கு நின்ற பெண் மூன்று தரம் வந்து சொன்னாள். நான் மொழிபெயர்த்தேன்.

"சப்பாத்தைக் கழட்டுறன் எண்டு சொல்லும்" என்றார் அக்கா. கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஈரத் தரையில் கால்மேஸோடு அங்கேயே இருந்தார்.