வந்தவர்களுக்கு மறுபடியும் வருமா?

ஐம்பத்தேழாம் வருஷம் ஃப்ளூ காய்ச்சல் மலையேறிப் பண்ணைக்காட்டுக்கு வந்தபோது, எங்கள் வீட்டில் முதலில் படுத்தவர் மாமா. அடுத்து நான். அம்மாவின் தம்பியான மாமா எங்களோடுதான் இருந்தார். யுத்தம் முடிந்து ஏலத்துக்கு வந்த பழைய ஜீப் ஒன்றில் வாழைத்தார் ஏற்றி வத்தலக்குண்டுக்குப் போய் வருவார். போன இடத்தில் காய்ச்சலையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டதாக அம்மா திட்டினாள். இரண்டு பேரும் அனலாய்க் கொதித்துக் கிடந்து, ஒருவழியாய் எழுந்து உட்கார்ந்தபோது ஊரில் எங்கள் மதிப்பே மாறிப்போயிருந்தது.

ஒரு தடவை வந்தவர்களுக்கு அது மறுபடி வராது என்று ஊர் நம்பியது. யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் காய்ச்சல் கண்ட வீடுகளுக்குக் கஞ்சி கொண்டுபோக எங்களைத்தான் கூப்பிட்டார்கள். மாமா ஜீப்பில் கஞ்சித் தவலையை ஏற்றுவார். நான் முன் சீட்டில் நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடியை மடியில் இடுக்கிக்கொண்டு ராணி மாதிரி உட்கார்வேன். பள்ளிக்கூடம் வேறு மூடிக் கிடந்தது. காய்ச்சலே வராத என் அண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்ப்பான். பாவம், அவனுக்கு வரவில்லையே என்று நான் உண்மையாகவே வருத்தப்பட்டேன்.

அப்படி இருக்கையில்தான் அந்தச் செய்தி வந்தது. கடைவீதியில் ராவுத்தரின் மளிகைக் கடையில் பேட்டரி ரேடியோ ஒன்று உண்டு. சாயங்காலச் செய்திக்கு ஊரே அங்கே கூடும். அன்று மழை. “ஃப்ளூ ஒரு முறை கண்டவர்களுக்கு மறுபடியும்...” என்று ரேடியோ ஆரம்பித்ததும் மலைக்கு மேலே இடி இடித்தது. கரகரவென்று ஒரு சத்தம். அது அடங்கியபோது, “...டாக்டர்கள் கருதுகிறார்கள்” என்று செய்தி முடிந்திருந்தது.

“வருமாம்ல!” என்று கத்தினார் டீக்கடைக்காரர்.

“வராதுன்னுதான்யா சொன்னான்! எங்காதுல தெளிவா விழுந்துச்சு” என்றார் பஸ் கண்டக்டர்.

“அட, சத்தம் போடாதீங்கப்பா, அடுத்த சேதியும் போயிருச்சு” என்று ராவுத்தர் ரேடியோவைத் தட்டிக்கொண்டிருந்தார். கேட்க ஆளில்லை. வரும் கட்சி, வராது கட்சி என்று கடைவீதி இரண்டாகப் பிரிந்துவிட்டது. நான் வராது கட்சி. மாமாவின் தோளில் உட்கார்ந்து தொண்டை கட்டும்வரை கத்தினேன்.

மறுநாள் பஸ்ஸில் பேப்பர் வந்தது. பள்ளிக்கூடத்து வாத்தியார் பெஞ்சின் மேல் ஏறி நின்று வாசித்தார். மறுபடி வரலாம் என்று சிலரும், வராது என்று சிலரும் கருதுகிறார்களாம். உறுதியாக எதுவும் சொல்வதற்கில்லையாம். “பாத்தியா!” என்று இரண்டு கட்சியும் ஒரே நேரத்தில் குதித்தன. சீட்டியடிப்பும் கைதட்டலுமாய் திருவிழாவே நடந்தது.

சத்தம் ஓய்ந்து வீட்டுக்குப் போன பிறகு ஒவ்வொருவருக்கும் பயம் பிடித்துக்கொண்டது போலிருக்கிறது. நாங்கள் கஞ்சியோடு போனபோது, முந்தின நாள் என் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சிய அம்மாள் கதவைத் திறக்கவில்லை. “அங்கனயே வச்சிட்டுப் போங்க தம்பி” என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

அடுத்த நாள் காலையில் பெரும்பாறையிலிருந்து ஓர் ஆள் நடந்தே வந்து, கடைவீதிக்கு எட்டவே நின்றுகொண்டார். காப்பித் தோட்டத்துக் குடியிருப்பில் எல்லாரும் படுத்துவிட்டார்கள், தண்ணீர் எடுத்துக் கொடுக்கக்கூட ஆள் இல்லை என்றார். வரும் கட்சி தலையைக் குனிந்துகொண்டது. வராது கட்சி அதைவிட நன்றாகக் குனிந்துகொண்டது. மாமா மட்டும் வீட்டுக்கு வந்து அரிசி மூட்டையை ஜீப்பில் தூக்கிப் போட்டார்.

“ஏலே, பேப்பர்க்காரனே தெரியலைங்கிறான். ஒனக்கு மட்டும் என்னடா தெரியும்?” என்று அம்மா வழியை மறித்தாள்.

“வராதுக்கா. எனக்குத் தெரியும். நீ வெரசா அந்தத் தவலைய எடு.”

எவ்வளவு திடமாகச் சொன்னார்! எனக்குப் புல்லரித்துவிட்டது. ஓடிப்போய் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். மாமா என்னை இரண்டு கையாலும் தூக்கிக் கீழே இறக்கினார்.

“வண்டில எடமில்ல பாப்பா.”

“எடந்தான் கெடக்கே மாமா! அதான் வராதுன்னு சொன்னீங்கல்ல!”

அவர் தாவி ஏறினார். வண்டி கிளம்பிவிட்டது. வளைவு வரைக்கும் அழுதுகொண்டே பின்னால் ஓடினேன்.

பல நாள் கழித்துத்தான் மாமா திரும்பினார், தாடியும் குழி விழுந்த கண்ணுமாக. அவருக்குக் காய்ச்சல் வரவில்லை. தோட்டத்தில் வயதான ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் எழுந்துவிட்டிருந்தார்கள். வராது கட்சி அவருக்கு மாலை போட்டுக் கடைவீதியில் ஊர்வலமாய் அழைத்துப் போனது. இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள், தெரியும் என்றது வரும் கட்சி. பள்ளிக்கூடம் திறந்ததும், ரேடியோவுக்கே தெரியாதது எங்கள் மாமாவுக்குத் தெரியும் என்று வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

ஆனால் அவரோடு மட்டும் பேசாமலே இருந்தேன். வராது என்று அத்தனை நிச்சயமாகத் தெரிந்தவர், முன் சீட்டைக் காலியாகவே ஓட்டிக்கொண்டு போனது ஏன் என்று அந்த வயதில் எனக்கு யோசிக்கத் தெரியவில்லை. கோபப்படத்தான் தெரிந்தது.