இரண்டாம் கொக்கி

அந்த அலுவலகத்தில் அவளுக்குச் சாவியக்கா என்றுதான் பெயர். தபால் வாங்குவது, நகல் எடுப்பது, கூட்ட அறையைத் தயார் செய்வது, பழைய கோப்பு கேட்டால் பதிவறைக்குள் புகுந்து தூசியோடு வெளியே வருவது எல்லாம் அவள் வேலை. யார் சாவி கேட்டாலும் "எதுக்கு?" என்று கேட்ட பிறகுதான் கை இடுப்புக்குப் போகும். மேலாளரிடமும் அப்படித்தான். பதினொரு வருடமாக ஒப்பந்த ஊழியர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கையெழுத்துப் போட்டுப் புதுப்பித்துக்கொள்வாள்.

ஒருநாள் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். அலுவலக உதவியாளர் பணியிடம் ஒன்று நிரந்தரமாகிறது. ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் நேர்காணல். தேர்வாகாதவர்களின் ஒப்பந்தம் மாத முடிவோடு சரி, இனிமேல் புதுப்பிப்பு கிடையாது.

எல்லாரும் வந்து வாழ்த்தினார்கள். அவளுக்கு அது பிடிக்கவில்லை. கிடைக்காத ஒன்றுக்கு முன்கூட்டியே வாழ்த்துகிறவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்று நினைத்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் ஒத்திகை. கணவர் வேன் ஓட்டுகிறவர். மேசைக்கு அந்தப் பக்கம் நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

"உங்களப் பத்திச் சொல்லுங்க."

"பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்திட்டு இப்பத்தான் கேக்கத் தோணுச்சா?"

"ஏய், நான் இப்ப அதிகாரி. சரி, உங்க பலவீனம் என்ன?"

"அத எதுக்குக் கேக்கறாங்க? சொன்னா அதையே பிடிச்சுக்கிட்டு வெளிய அனுப்பவா?"

"எல்லா எடத்துலயும் கேப்பாங்களாம். வேன்ல வர்ற ஆபீஸ் ஆளுங்க பேசிக்கிட்டாங்க."

"யாரு? எங்க ஆபீஸ் ஆளா? உங்ககிட்ட என்னப் பத்தி எதாவது விசாரிச்சானா?"

கணவர் அதிகாரி பதவியை அங்கேயே ராஜினாமா செய்தார். "ஏம்மா, வேன்ல ஏறுறவன் எல்லாம் உன் பலவீனத்தக் கேக்கவா ஏறுறான்?"

மறுநாள் காலை மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார்.

"நீ செய்யற வேலை எல்லாத்தையும் ஒண்ணு விடாம எழுதிக் கொடும்மா. எத எப்படிச் செய்யறேன்னும் எழுது."

"எதுக்கு சார்?"

"எழுதும்மா, அப்புறம் சொல்றேன்."

அப்புறம் அவர் சொல்லவில்லை. சந்தேகம் தகவல் குறைந்த இடத்தில்தான் செழிப்பாக வளரும். அவர் இன்னும் ஒரு வாக்கியம் பேசியிருந்தால் இந்தக் கதையில் சொல்வதற்கு ஒன்றுமே இருந்திருக்காது. அவர் பேசாமல் விட்ட வாக்கியத்தை அவளே எழுதிக்கொண்டாள். 'எனக்குப் பதிலா வரப்போற ஆளுக்குப் பாடப்புத்தகம் வேணும். அத என் கையாலயே எழுதி வாங்கறாங்க.'

வரப்போகிற ஆள் யார் என்பதிலும் அவளுக்குச் சந்தேகம் இல்லை. வாசலில் தொலைபேசிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண். எல்லாரும் 'வரவேற்பு' என்று கூப்பிடுவார்கள். வந்து எட்டு மாதம் ஆகிறது, அவளும் ஒப்பந்தம்தான். வீட்டில் கைக்குழந்தை. "இவங்களுக்கும் எல்லாத்தையும் சொல்லிக் கொடு" என்று போன மாதம்தான் மேலாளர் சொல்லியிருந்தார். அதிலிருந்து வரவேற்பு "அக்கா, அக்கா" என்று பின்னாலேயே வந்து, கேள்வி கேட்காமல் வேடிக்கை பார்ப்பாள். கேள்வி கேட்டாலாவது தப்பாகச் சொல்லிவைக்கலாம். சும்மா பார்த்துக்கொண்டிருப்பவளை என்ன செய்வது?

சாவியக்கா நான்கு பக்கம் எழுதினாள். நல்ல கையெழுத்து. நான்கு இடத்தில் மட்டும் வேண்டுமென்றே தப்பாக எழுதினாள். நகல் இயந்திரத்தில் தாள் சிக்கினால் அணைத்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும் என்றாள். உண்மையில் இடது கதவைத் திறந்து பச்சைத் திருகைப் பின்பக்கமாகச் சுற்ற வேண்டும். தபாலைப் பதிவேட்டில் ஏற்றிய பிறகு தேதி முத்திரை என்றாள். கைக்கு வந்ததும் குத்துவதுதான் முறை. நகல் இயந்திரத்தில் சிவப்பு விளக்கு எரிந்ததும் மை வரவழைக்கலாம் என்றாள். எரியும்வரை காத்திருந்தால் பத்து நாள் நகலே கிடையாது. நான்காவது, பதிவறைச் சாவி. சாவிப் பலகையில் இரண்டாம் கொக்கி என்று எழுதினாள். அந்தச் சாவி எந்தக் காலத்திலும் கொக்கியில் தொங்கியதில்லை. அது தேநீர் அறையின் மேல்தட்டில் ஒரு பழைய டீ டப்பாவுக்குள் இருந்தது. மேலாளருக்குக்கூடத் தெரியாது.

நேர்காணல் அன்று மூன்று பேர். முதலில் போன காவல்காரர் நாலு நிமிஷத்தில் வெளியே வந்து, "என்கிட்ட மை பத்திக் கேட்டா நான் எங்க போவேன்?" என்று சிரித்துவிட்டு வாசலுக்குப் போனார். அடுத்து வரவேற்பு. வெளியே வந்தபோது அவள் முகம் சுருங்கிப்போயிருந்தது.

"அக்கா, மெஷின் பத்திக் கேட்டாங்க. எடது கதவத் தொறக்கணும்னு நீங்க செய்யறதத்தான் சொன்னேன். அந்த மேடம் ஒரு தாளப் பாத்துட்டு தப்புன்னு கோடு போட்டுட்டாங்க."

தாள் என்றால் தன் தாளா? இல்லை, தன்னைக் குழப்பிவிடச் சொல்லி அனுப்பியிருக்கிறார்களா? பதில் கிடைப்பதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அம்மையாரின் முன்னால் அவளுடைய நான்கு பக்கமும் இருந்தது. பக்கத்தில் மேலாளர். பத்துக் கேள்வி, தலா ஒரு மதிப்பெண்.

"நகல் எடுக்கும்போது தாள் சிக்கினா மொதல்ல என்ன செய்வீங்க?"

"ஆஃப் பண்ணித் திரும்ப ஆன் பண்ணுவேன் மேடம்."

பேனா நகர்ந்தது. அதே நேரம் மேலாளர் சட்டென்று தலை தூக்கினார். பதினொரு வருடம் அவர் அறை வாசலில் நின்றுதான் அவள் அந்த இடது கதவைத் திறந்திருக்கிறாள். கண்டுபிடித்துவிட்டார் என்று தோன்றியது.

"மேடம், அது தப்பு. அந்தத் தாள எழுதினதே நான்தான்."

"தெரியாம எழுதிட்டீங்களா?"

"தெரிஞ்சுதான். எனக்குப் பதிலா ஆள் வைக்கத்தான் கேக்கறாங்கன்னு நெனச்சேன்."

மேலாளர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா, இந்த வேலைக்குக் கேள்வி தயார் பண்ண உன்ன விட்டா யாருக்குத் தெரியும்? உனக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னுதானே உன்கிட்டயே கேட்டேன்!"

அம்மையார் பேனாவை நீட்டினார். "எங்கெங்க தப்போ திருத்துங்க. மத்தவங்க மார்க்கையும் மாத்தணும்."

இதை நேர்மை என்று எழுதிவிட முடியாது. மேலாளர் கண்ணில் பட்டிருக்கக்கூடிய மூன்றையும் அவள் திருத்தினாள். நான்காவதன் மேல் பேனா கொஞ்ச நேரம் நின்றது. யாரும் பார்க்காதது. ஒன்றாவது கையில் இருக்கட்டும் என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பிவிட்டாள்.

வேண்டுமென்றே தப்பு செய்து, கேட்காமலே ஒப்புக்கொண்டவருக்கு என்ன போடுவது என்று அம்மையாருக்குத் தெரியவில்லை. மதிப்பெண் தாளில் அதற்குக் கட்டம் கிடையாது. கடைசியில் திருத்திய பதிலுக்கே மதிப்பெண் போட்டு, மீதிக் கேள்விகளையும் கேட்டு முடித்தார்.

மூன்றாம் நாள் அவள் பெயருக்கு நியமன ஆணை வந்தது. சாவியக்கா அதை முன்னும் பின்னும் படித்து, வெளிச்சத்தில் பிடித்து முத்திரையைப் பார்த்தாள். பிறகு மேலாளரிடம் கேட்டாள்.

"அன்னைக்கு மொதல் கேள்விக்கு ஏன் சார் தலையத் தூக்கினீங்க?"

"எப்ப? கடிகாரத்தப் பாத்திருப்பேன். வண்டி பிடிக்க வேண்டியிருந்துச்சு. அந்த மெஷினத் தொறக்கலாம்னே அன்னைக்குத்தாம்மா எனக்குத் தெரியும்."

மதியம் வரவேற்பு வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்குப் பத்து, எனக்கு ஒம்போதுக்கா. ஒரே மார்க்குல கோட்டை விட்டேன். பதிவறைச் சாவி எங்கன்னு கேட்டாங்க. டீ டப்பாலன்னு சொன்னேன். நீங்க அங்கேருந்துதானே எடுப்பீங்க?"

குரலில் குத்தல் இருக்கிறதா என்று சாவியக்கா தேடினாள். முகத்திலும் தேடினாள். இருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அது முன்னாடி. எடத்த மாத்திட்டேன்."

"அப்படியா? நான் பாக்கலயேக்கா" என்றாள் வரவேற்பு.

வரவேற்பு இருக்கைக்குத் திரும்பியதும் சாவியக்கா தேநீர் அறைக்குப் போய், டப்பாவைத் திறந்து, சாவியை எடுத்துவந்து இரண்டாம் கொக்கியில் மாட்டினாள். மாத முடிவில் ஒப்பந்தம் முடிந்து வரவேற்பு தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, போகிற வழியில் சாவிப் பலகையை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனாள். அது சாதாரணப் பார்வையாகவும் இருக்கலாம்.

சாவி இன்றைக்கும் கொக்கியில்தான் தொங்குகிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துப்போகலாம். பழைய கோப்பு கேட்டு ஆள் வந்தால் சாவியக்காவின் கால் மட்டும் முதலில் தேநீர் அறைக்குப் போகிறது. டப்பாவைத் திறந்து பார்த்து, மூடி வைத்துவிட்டுத் திரும்புகிறாள்.